மாதா கட்டாத சேலை

“பிறந்த அன்றைக்கு உன்னைக் குளிப்பாட்ட ஆளில்லை. துணியில்... துணியில் சுற்றி எடுக்கவும் ஆளில்லை. வெட்டவெளியில் எறியப்பட்டு... ச்சே!”

உள்ளறையில் ஆஷ்லினின் குரல் மறுபடியும் தடுக்கி நின்றது. பக்கம் புரளும் சத்தம். தொண்டையைச் செருமும் சத்தம். பிறகு அதே வரி, முதலிலிருந்து.

கூடத்துத் தரையில் உட்கார்ந்திருந்த ஸ்டெல்லாமேரியின் கை, பிழிந்த எலுமிச்சம்பழ மூடியோடு அப்படியே நின்றுவிட்டது. அவள் மடியில் ஒரு நூல் சேலை ஈரமாகக் கிடந்தது. கிளிப்பச்சை நிறம். உடம்பெல்லாம் சின்னச் சின்ன வெள்ளைப் பூ. அந்தப் பூக்களுக்கு நடுவே சதுரமாக ஒரு துருக்கறை. ஒன்றா? மடித்திருந்த மடிப்புகளுக்குள் இறங்கி இறங்கி, வரிசையாக நாலைந்து கறை. காலையிலிருந்து உப்பும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்ததில் விரல் நுனியெல்லாம் எரிந்தது. கறை வெளுத்ததே ஒழியப் போகவில்லை.

“அத்தை!” உள்ளேயிருந்து ஆஷ்லின் கூப்பிட்டாள். பள்ளிக்கூட டீச்சர். அன்றைக்கு ஆகஸ்ட் பதினாறு, இணைப்பு நாளுக்காகப் புதுச்சேரிக்கு மட்டும் கிடைக்கிற லீவு. மாலைப் பூசையில் முதல் வாசகம் மருமகள் முறை என்பதால் மத்தியானத்திலிருந்து படித்துப் பழகிக்கொண்டிருந்தாள். “இந்த எசேக்கியேல் இறைவாக்கினர் யாரைப் போட்டு இந்தத் திட்டு திட்டுறாரு?”

“எருசலேமை.”

“ஊரையா? ஒரு பொம்பளையைத் திட்டுற மாதிரில்ல இருக்கு! தூக்கிப் போட்ட பச்சைக் குழந்தையை ஆண்டவர் எடுத்து வளர்க்குறாரு. பட்டு உடுத்தி, நகை போட்டு, ராணியாட்டம் ஆக்குறாரு. அவ தன் அழகுல தானே மயங்கிப் போயிடுறா. வாசகம் அதோட தாண்டிப் போயிடுது. நான் பைபிளை எடுத்து நடுவுல விட்டதையும் படிச்சேன் அத்தை. ஆண்டவர் குடுத்த துணியையே எடுத்துட்டுப் போய்ச் சிலைக்குக் கட்டி அழகு பாக்குறாளாம். நல்ல வேளை, கோயில்ல அதைப் படிக்கச் சொல்லல. படிச்சா எல்லாரும் நம்ம மாதாவைல்ல திரும்பிப் பாப்பாங்க!”

“அவங்களது சிலை. நம்மளது சுரூபம்,” என்றாள் ஸ்டெல்லாமேரி. “நாம கும்புடுறது சுரூபத்தை இல்ல, அது யாரைக் காட்டுதோ அவங்களை. ஞானோபதேசத்துல படிச்சதில்ல? உளறாம வாசகத்தைப் படி.”

சொல்லிவிட்டாள். கூடத்து மூலையில், மேசை மேல், நேற்றுத் தேரில் தெருவெல்லாம் சுற்றி வந்த மாதா சுரூபம் மயில்கழுத்து நீலப் பட்டில் நின்றது. ஜன்னல் வெயில் சரிகையில் பட்டு ஸ்டெல்லாமேரியின் கண்ணைக் கூசச் செய்தது. மடியில் கிடந்த பச்சைச் சேலையை அவள் அவசரமாகச் சுருட்டினாள்.

நெல்லித்தோப்பில் அவளை ஸ்டெல்லாமேரி என்று சொன்னால் பலருக்குத் தெரியாது. மாதா வீட்டம்மா என்று சொல்ல வேண்டும்.

அவள் பிறந்தது தவளக்குப்பம் பக்கம். அப்பா யாரென்று தெரியாது. அம்மா கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள், ஒரு காய்ச்சலில் போய்விட்டாள். கன்னியர் மடத்தில் வளர்ந்த பிள்ளை. முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை நாளில் வெள்ளைச் சட்டை இல்லாமல் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அழுத பிள்ளை. அந்த அழுகையைக் கேட்டுத் தூணைச் சுற்றி வந்தவர்தான் ஃபாத்திமாம்மா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா ஒருவரின் மனைவி. நெல்லித்தோப்பில் ஒரு தெருச் சிற்றாலயத்து மாதாவுக்குச் சேலை சாத்துவது அவர் பொறுப்பு. மாதா மேலிருந்து எடுத்த வெள்ளைச் சேலையொன்றை வெட்டி ஒரே நாளில் சட்டை தைத்துப் போட்டு, அந்தப் பிள்ளையைப் பீடத்துக்கு முன்னால் கொண்டு போய் நிறுத்தினார்.

பிறகு கல்யாணம். மில் தொழிலாளி பிரான்சுவா பெண் கேட்டு வந்தபோது, மணப்பெண்ணுக்குக் கட்ட ஒரு புதுச் சேலை கிடையாது. அந்த வருஷம் யாரோ ஒரு சித்தாள் நேர்ந்துகொண்டு கொடுத்த மஞ்சள் நூல் சேலையை, மாதா மேலிருந்து இறக்கிய சூடு ஆறுவதற்குள் ஃபாத்திமாம்மா அவள் தோளில் போட்டார். கொடுத்தவளும் சரி என்றிருந்தாள். “இதைவிட எந்தப் பட்டுடி உசத்தி?” என்று கன்னத்தைத் தட்டினார். ஸ்டெல்லாமேரி அந்தச் சேலையில்தான் வாழ்க்கைப்பட்டாள்.

ஃபாத்திமாம்மா கண் பார்வை மங்கியபோது ஊக்கு டப்பாவை அவள் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து மாதாவின் சேலை அவள் பொறுப்பு. பிரான்சுவா இறந்த வருஷம்கூட அவள் அந்த வேலையை விடவில்லை.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம். நேர்ந்துகொண்டவர்கள், கிறிஸ்தவர்களானாலும் இந்துக்களானாலும், சேலை கொண்டு வந்து அவளிடம் கொடுப்பார்கள். கொடியேற்றத்தன்று ஃபாதர் சீட்டுக் குலுக்கி எந்த நாளுக்கு யார் சேலை என்று அறிவிப்பார். தேருக்கு மறுநாள் அவரவர் சேலையை, மாதா கழுத்துப் பூவோடு, ஸ்டெல்லாமேரி கையால் திருப்பி வாங்கிப் போவார்கள். வாங்கும்போது அவள் கைகளை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். தேர் முடிந்த ஒரு ராத்திரி, சுரூபமும் அவள் வீட்டில்தான் இருக்கும்.

முதலில் அந்தக் கண்ணொற்றலுக்குக் கூசினாள். பிறகு பழகிவிட்டாள். அப்புறம், எப்போது என்று அவளுக்கே தெரியாது, யாராவது ஒற்றிக்கொள்ள மறந்தால் மனசு சுருக்கென்றது.

போன வருஷம் பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஒரு மதாம், தேரில் நின்ற மாதாவைப் பார்த்து “மாஞிஃபீக்!” என்று பிரெஞ்சில் வியந்து கூவிப் படமெடுத்தாள். யார் அலங்காரம் என்று கேட்டாள். தெருவே ஸ்டெல்லாமேரியைக் காட்டியது. அந்தப் படம் எங்கெங்கோ போயிற்று. மகன் கிளாட்வின் ஒவ்வொரு லைக்கையும் அம்மாவுக்குக் காட்டினான். அதற்குப் பிறகு, ஜெபமாலை சொல்லும்போதுகூட அவள் கண்ணை மூடினால் மாதா முகம் வரவில்லை. கொசுவம்தான் வந்தது. முந்தானை விழும் அழகுதான் வந்தது. அதன் ஓரத்தில் கைகட்டி நிற்கும் அவளே வந்தாள்.

இந்த வருஷத் தேருக்காக அவளே ஆரணிக்குப் போய் நீலப் பட்டு வாங்கி வைத்தாள். தன் பேரையும் சீட்டில் எழுதிப் போட்டாள். இந்த முறை தேரை வீடியோவில் நேரடியாகக் காட்டப் போகிறார்கள், பிரான்சில் இருக்கிறவர்கள் எல்லாரும் பார்க்கப் போகிறார்கள் என்று பேச்சாக இருந்தது.

கொடியேற்றத்தன்று தேர் நாளுக்கான சீட்டைப் பிரித்த ஃபாதர், “பிள்ளைச்சாவடி செல்வாம்பாள்!” என்று படித்தார்.

“ஐயோ, எம்மாடி!” என்று கூட்டத்தின் கடைசியில் ஒருத்தி கை தட்டிக் கூவினாள். எல்லாரும் சிரித்தார்கள். அவள்தான் செல்வாம்பாள். பிள்ளைச்சாவடியிலிருந்து வந்து நெல்லித்தோப்புத் தெருக்களில் கூடை சுமந்து மீன் விற்கிறவள். மகள் சுலோசனாவுக்கு இரண்டு முறை கரு தங்கவில்லை. மூன்றாவது தங்க வேண்டும், பிறக்கிற குழந்தையை மாதா கட்டிய சேலையில்தான் முதன்முதலில் சுற்றி எடுப்பேன் என்று நேர்ந்துகொண்டு, அந்தக் கிளிப்பச்சை நூல் சேலையை ஸ்டெல்லாமேரியின் கையிலேயே கொடுத்திருந்தாள்.

ஸ்டெல்லாமேரி சிரிக்கவில்லை.

நேற்று மத்தியானம் சிற்றாலயத்துப் பக்கத்து அறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு அவள் தனியாக நின்றாள். பச்சைச் சேலையைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. மாதாவுக்கு இதையா கட்டுவது, ஊர் உலகமெல்லாம் பார்க்குமே, மாதாவுக்குத்தானே மரியாதைக் குறைச்சல் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். நீலப் பட்டை எடுத்தாள். ஏறி நிற்க இழுத்துப் போட்ட இரும்பு ஸ்டூல் ஆடியது. ஒரு கால் குட்டை. பூமாலையிலிருந்து சொட்டிய தண்ணீரில் தரை வேறு வழுக்கியது. கைக்கு எட்டியதை எடுத்து நாலாக மடித்து அந்தக் காலுக்கு அடியில் செருகினாள். ஏறினாள்.

கைக்கு எட்டியது அந்தப் பச்சைச் சேலை.

வேண்டுமென்றா செய்தாள்? இல்லை. அது ஒரு சேலை, ஒரு தாய் நேர்ந்துகொண்ட சேலை என்பதே அந்த நேரத்தில் அவள் நினைவில் இல்லை. அதுதான் கொடுமை!

கதவைத் திறந்தபோது ஃபாதர் எதிரே நின்றார். பட்டைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். “செல்வாம்பாள் சேலை இல்லையாம்மா?”

“அந்தம்மா சேலையே கொண்டாந்து குடுக்கல ஃபாதர். நாந்தான் என்கிட்ட இருந்ததைக் கட்டிட்டேன்.”

“பாவம், என்ன கஷ்டமோ,” என்று ஃபாதர் போய்விட்டார். அவருக்குப் பின்னால் நின்றவர்கள் அப்படிப் போகவில்லை. தேர் கிளம்புவதற்குள் தெரு முழுக்கப் பேச்சு: நேர்ந்துக்கிட்டு மாதாவையே ஏமாத்திட்டாளாம் மீன்காரி.

செல்வாம்பாள் தேருக்கு வரவில்லை. மகளோடு ஆஸ்பத்திரியில் இருந்தாள். அதைக் கேட்டு ஸ்டெல்லாமேரிக்கு நிம்மதியாக இருந்தது. ஆம், நிம்மதி! இன்று காலை அறையைக் கூட்டப் போனவள் ஸ்டூலைத் தூக்கியபோதுதான், நசுங்கி, நனைந்து, துரு ஏறிய அந்தப் பச்சையைப் பார்த்தாள். அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“யக்கா! மாதா வீட்டக்கா! இருக்கியா?”

வாசலில் அந்தக் குரல் கேட்டதும் ஸ்டெல்லாமேரி சுருட்டிய சேலையைத் தையல் மிஷினுக்கு அடியில் தள்ளினாள். கதவைத் திறந்தாள். கூடையில்லாமல், கலைந்த தலையோடு, செக்கச் சிவந்த கண்ணோடு, ஆனால் முகமெல்லாம் சிரிப்பாகச் செல்வாம்பாள் நின்றாள். நுழைந்ததும் ஸ்டெல்லாமேரியின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“இன்னாக்கா, கையெல்லாம் எலுமிச்சம்பழ வாசனை? ஊறுகா போடுறியா?”

“ஆ... ஆமா. உக்காரு.”

“உக்கார நேரமில்ல. சுலோசனாவுக்குப் பொறந்துருச்சுக்கா! பொம்பளப் புள்ள! எடை கம்மின்னு கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காங்க. எலிக்குஞ்சு மாதிரி இருக்குது. ஆனா கத்துற கத்து இருக்கே, என்னை மாதிரி மீன் விக்கத்தான் வரும்போல. நாளைக்குக் கையில குடுக்கறாங்களாம். மெத்துன்னு நூல் துணியா கொண்டான்னு நர்சம்மா சொன்னாங்க. நான் சொன்னேன், எங்க மாதா கட்டுன சேலையே இருக்குது, அதுலதான் முதல்ல சுத்துவேன்னு.” அவள் மூச்சு வாங்கினாள். “பேரு நீதான்க்கா ஒண்ணு சொல்லணும். மாதா பேரா பாத்து.”

“சொல்றேன்,” என்றாள் ஸ்டெல்லாமேரி.

“இன்னொரு கூத்து கேளு. உங்க தெரு முனையில டீக்கடை மதிவாணன் இல்ல, அந்தாளு என்னை நிறுத்தி, ‘ஏம்மா, நேர்ந்துக்கிட்டு சேலை குடுக்காம விட்டுட்டியாமே’ங்கறான். நான் விடுவேனா? ‘யோவ், நான் உன்னை ஏமாத்துவேன். போன வாரம் கெட்டுப்போன சங்கரா மீனை உன் தலையில கட்டுனவதான். மாதாவை ஏமாத்துவனா? மாதா வீட்டக்கா கையிலயே குடுத்தேன், போய்க் கேட்டுப் பாரு’ன்னு சொல்லிட்டு வந்தேன்.” சிரித்தவள் சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். “ஆனா சுலோசனா மாமியாக்காரி காதுக்கு இந்தப் பேச்சு போச்சுன்னு வையி, புள்ளைக்கு ஒரு தும்மல் வந்தாலும் என் தலையிலதான் விடியும். நீ ஒரு வார்த்தை சொல்லி வையிக்கா.”

சொல்லிக்கொண்டே திரும்பியவள் மூலையில் மாதாவைப் பார்த்தாள். கை கூப்பினாள். பிறகு புருவம் சுருங்கியது.

“பட்டுல நிக்குது? ஓ, தேர் முடிஞ்சதும் என் சேலையை அவுத்துட்டு இதைக் கட்டிட்டியா?”

பொய்யைத் தேட வேண்டியதே இல்லை. செல்வாம்பாளே எடுத்துக் கையில் கொடுத்துவிட்டாள்!

“ஆமா,” என்றாள் ஸ்டெல்லாமேரி.

“அப்ப என் சேலையைக் குடு. மூணு மணிக்குள்ள திரும்பணும்.”

வேறு வழியில்லை. மிஷினுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். செல்வாம்பாள் வாங்கியதும் திடுக்கிட்டாள். “ஏன்க்கா ஈரமா இருக்குது? தொவைச்சியா? மாதா மேல இருந்ததை யாராவது தொவைப்பாங்களா? அந்த வாசனையெல்லாம் போயிருக்குமே!” பிரித்தாள். கறை தெரிந்தது. “இது இன்னா?”

“அது... தேர்ல... இரும்புக் கம்பி...” அதற்கு மேல் வரவில்லை.

செல்வாம்பாளின் முகம் மலர்ந்தது. “தேர் இரும்பா? அட, அதுக்கா தொவைச்ச? இதுதான்க்கா அடையாளம்! மாதாவோட தேர்ல ஊர்கோலம் போன அடையாளம்! என் பேத்திக்கு வேற இன்னா வேணும்?”

சொல்லிவிட்டு அந்தத் துருக்கறையை இரண்டு கையாலும் ஏந்தி வலது கண்ணில் ஒற்றினாள். இடது கண்ணில் ஒற்றினாள். பிறகு உதட்டை வைத்து முத்தமிட்டாள்.

உள்ளறையில் ஆஷ்லின் படித்துக்கொண்டிருந்தாள்: “ஆனால் நீ உன் அழகையே நம்பினாய்...”

சிலை வேறு, சுரூபம் வேறு என்று சற்றுமுன் பாடம் சொன்னவள் ஸ்டெல்லாமேரி. இப்போது அவள் கண்ணெதிரே, அவள் பொய்யால், ஒரு தாய் ஸ்டூல் காலின் துருவைத் தெய்வமென்று கும்பிடுகிறாள்! நாளைக்கு ஒரு பச்சைக் குழந்தையை அதில் சுற்றுவாள்!

“வேணாம்! செல்வாம்பா, அதைக் கும்புடாத!” அவள் கத்திய கத்தலில் உள்ளே வாசகம் அறுந்து நின்றது. “அது தேர் இரும்பு இல்ல. ஸ்டூல் காலு. மாதா உன் சேலையைக் கட்டவே இல்ல. நான் கட்டல. ஸ்டூல் ஆடுச்சுன்னு... மடிச்சு... அடியில வச்சேன். அது மேல ஏறி நின்னுதான் இந்தப் பட்டைச் சாத்துனேன்.”

செல்வாம்பாள் உதட்டைப் புறங்கையால் மெல்லத் துடைத்தாள்.

உள்ளறையில் பைபிளை மூடும் சத்தம் கேட்டது. ஆஷ்லின் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

“மீன் நாத்தம் அடிக்கும்னு நெனைச்சியா?” என்று கேட்டாள் செல்வாம்பாள். குரலில் கோபம்கூட இல்லை. “புதுச் சேலைக்கா. கடைக்காரன் மடிச்ச மடிப்பு. கூடைக்குப் பக்கத்துலகூட வைக்காம, பக்கத்து வூட்டு அலமாரியில குடுத்து வச்சிருந்தேன்.”

“நாத்தம்னு இல்ல... வீடியோ எடுக்கறாங்கன்னு... எல்லாரும் பாப்பாங்கன்னு...”

“நான் சேலையே குடுக்கலன்னு சொன்னது?”

ஸ்டெல்லாமேரி தலையைக் குனிந்தாள். “நாந்தான்.”

“நீயா!” இப்போதுதான் செல்வாம்பாளின் குரல் உடைந்தது. “அந்த டீக்கடைக்காரன்கிட்ட உன் பேரைச் சொல்லிச் சண்டை போட்டுட்டு வந்தேனே! போய் அந்தக்காவைக் கேளுடான்னு! என் புள்ள ஆஸ்பத்திரியில ரத்தம் போய்க் கெடந்த நேரத்துல, மாதாவை ஏமாத்துனவள்னு என் பேரு இந்தத் தெருவுல தேரோட சுத்தி வந்திருக்குதே!”

ஸ்டெல்லாமேரி தடாலென்று அவள் காலில் விழப்போனாள். செல்வாம்பாள் இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டாள்.

“காலைத் தொடாத. இதுவும் ஒரு அலங்காரமா?”

அந்தச் சொல்லுக்கு மேல் ஒரு சவுக்கு உண்டா? பாதி குனிந்தவள் எழவும் முடியாமல், விழவும் முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணீர் தாரை தாரையாகக் கொட்டியது.

“நான் மடத்துல வளந்தவ செல்வாம்பா. எனக்குக் கல்யாணச் சேலைகூட ஒரு சித்தாள் நேர்ந்து குடுத்ததுதான். மாதா மேல இருந்து எடுத்து என் மேல போட்டாங்க. நூல் சேலை. மஞ்சள்...”

“தெரிஞ்சுமா செஞ்ச?”

ஸ்டெல்லாமேரி எழுந்து மாதாவிடம் ஓடினாள். அவசர அவசரமாக ஊக்குகளைக் கழற்றினாள். ஒன்று அவள் விரலில் ஏறி ரத்தம் துளிர்த்தது. “இரு, இந்தப் பட்டை எடுத்துட்டுப் போ. இதுதான் மாதா கட்டுனது. சத்தியமா இதுதான். இதுல சுத்து புள்ளையை. இல்லன்னா உன் சேலையை இப்பவே சாத்துறேன். இப்பவே! ஒரு நிமிஷம் இரு...”

“விடுக்கா. சரிகை புள்ளைக்குக் குத்தும்.” செல்வாம்பாள் அவள் கையைத் தள்ளவில்லை, தொடவே இல்லை. “இப்ப சாத்துறது யாருக்கு? எனக்கா, மாதாவுக்கா? உன் மனசு ஆறணும்னுதான?”

அவள் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். பச்சைச் சேலையை இரண்டு கையாலும் விரித்து, கறை நன்றாகத் தெரியும்படி மாதாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

“இதான் நான் குடுத்தது. பாத்துக்க. மேல நின்னு எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தான இருந்த?” பிறகு ஸ்டெல்லாமேரியிடம் திரும்பினாள். “நான் மாதாவுக்குக் குடுத்துட்டேன்க்கா. வாங்காதது நீ. அவ இல்ல.”

சேலையை உதறி, ஈரம் உள்ளே போகும்படி சின்னதாக மடித்தாள். கறை படிந்த மடிப்பு மேலே வந்தது. அதை அவள் மறைக்கவில்லை.

“சாயங்காலம் பூசையில எல்லார் முன்னாலயும் சொல்லிடறேன்,” என்று விம்மினாள் ஸ்டெல்லாமேரி. “ஃபாதர்கிட்ட மைக்கை வாங்கி நானே சொல்றேன். ஊக்கு டப்பாவையும் குடுத்துடறேன். இனிமே மாதாவைத் தொட மாட்டேன்.”

செல்வாம்பாள் வாசல் வரை போனவள் நின்றாள்.

“மைக்ல சொல்லாத. மைக்ல சொன்னா, மாதா வீட்டம்மாவுக்கு எம்மாம் பெரிய மனசுன்னு நாலு பேரு அழுவான். நீயும் அதைக் கேட்டு அழுவ. அப்புறம் அதையும் ஒருத்தன் வீடியோ எடுப்பான்.” அவள் மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்தாள். “டீக்கடைக்காரன்கிட்ட போய்ச் சொல்லு. நாலு பேரு டீ குடிச்சிக்கிட்டு நிக்கும்போது. அந்தம்மா குடுத்துச்சு, நான் ஸ்டூலுக்கு அடியில வச்சேன்னு சொல்லு. அவன் சிரிப்பான். வாங்கிக்க.”

கோயிலில் அழுவது எளிது. அங்கே ஸ்டெல்லாமேரிக்கு அழவும் தெரியும், அழுகையில் அழகாக நிற்கவும் தெரியும். டீக்கடையில்? மதிவாணன் கிளாஸைக் கழுவிக்கொண்டே பல்லைக் காட்டுவான். பெஞ்சில் இருக்கிறவர்கள் மாதா வீட்டம்மாவை மேலும் கீழும் பார்ப்பார்கள். நாளைக்கு அவள் தெருவில் போகும்போது முதுகுக்குப் பின்னால் ஸ்டூல், ஸ்டூல் என்று ஒரு கிசுகிசு கேட்கும். வாழ்நாள் முழுக்கக் கேட்கும்.

“சொல்றேன்,” என்றாள். அந்த ஒரு சொல் வெளியே வருவதற்குள் அவளுக்கு உயிர் போய் வந்தது. “இப்பவே வரேன். உன்கூடவே வந்து சொல்றேன்.”

“என்கூட வேணாம். நான் பாத்துக்கிட்டு நின்னா எனக்குப் பாவமாப் போயிடும். நீ தனியாப் போ.”

உள்ளறை வாசலில் ஆஷ்லின் வந்து நின்றிருந்தாள். கையில் பைபிள் மூடியிருந்தது. அத்தையைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தாள். “காபி போடட்டுமா?” என்று யாரிடம் என்றில்லாமல் கேட்டாள்.

“வேணாம்மா. புள்ள தனியா இருக்குது,” என்றாள் செல்வாம்பாள். ஆஷ்லினிடம் பேசும்போது அந்தக் குரலில் பழைய ஈரம் இருந்தது.

அதைக் கேட்டு ஸ்டெல்லாமேரிக்கு ஒரு சின்ன ஆசை வந்தது. “செல்வாம்பா... குழந்தைக்குப் பேரு...”

“நாங்களே பாத்து வச்சிக்கிறோம்க்கா.”

சேலை வாங்கிப் போகிறவர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் அந்த நேரத்துக்குப் பல வருஷமாகப் பழகிய ஸ்டெல்லாமேரியின் கைகள், அவளைக் கேட்காமலே முன்னே நீண்டுவிட்டன. ஒரு விரலில் ரத்தத்துளி. மற்றதிலெல்லாம் எலுமிச்சை வாசனை.

செல்வாம்பாள் அந்தக் கைகளைப் பார்த்தாள். பச்சைச் சேலையை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு, இப்போதே அதற்குள் ஒரு குழந்தை இருப்பது போல் ஏந்திக்கொண்டு, வாசலைத் தாண்டினாள். பிறகு ஒரு கையை மட்டும் விடுவித்து, கதவைத் தானே வெளியிலிருந்து இழுத்துச் சாத்தினாள்.